மதுரைக்கு ஒரு கால்பந்து அணி வேண்டுமாம்!

கேள்வி: சென்னைக்கு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அணி இருக்கிறது, கொச்சிக்கு இருக்கிறது. மதுரைக்கு ஜல்லிக்கட்டை விட்டால் என்ன இருக்கிறது? இவ்வளவு பெரிய ஊருக்கு ஒரு தொழில்முறை கால்பந்து அணிகூட இல்லையே! பணம் படைத்தவர்கள் யாரும் முன்வராதது ஏன்? இதற்காக உங்கள் பத்திரிகை ஓர் இயக்கம் தொடங்கினால் என்ன?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: இயக்கம் கிடக்கட்டும். முதலில் அருப்புக்கோட்டை பஸ் ஏறி, காரியாபட்டிப் பக்கம் புல்லூர் வரைக்கும் ஓர் எட்டு போய்விட்டு வாருங்கள். அங்கே சேது பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்விக் குழுமத்தைச் சேர்ந்த சீனி முகைதீன் 2016-இல் தொடங்கிய கிளப்தான் சேது எஃப்.சி. நீங்கள் தேடும் பணம் படைத்தவர் முன்வந்து, அணியை ஆரம்பித்து, இந்தியாவின் சாம்பியன் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. உங்களுக்குத்தான் தகவல் வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்றும் தெரியும். அது பெண்கள் அணி. 'மதுரைக்கு அணி இல்லை' என்று நீங்கள் எழுதியதில் 'ஆண்கள்' என்ற வார்த்தையே இல்லை. போடத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறீர்கள், பாருங்கள்! கோபமே அதற்குத்தான்.

2019 மே மாதம், லூதியானா. பஞ்சாபின் கோடை வெயிலில் பெண்களுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியான இந்திய மகளிர் லீக் முழுவதையும் அந்த ஒரே ஊரில் வைத்து முடித்தார்கள். மே 22 அன்று இறுதி ஆட்டம், எதிரணி மணிப்பூர் போலீஸ். இந்தியப் பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் என்ன என்று அந்த ஆட்டத்தைப் பின்தொடர்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதல் லீக் பட்டமே மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குத்தான் போயிருந்தது. சேது 3-1 என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் ரத்தன்பாலா தேவி போட்டது. அவரும் மணிப்பூர்காரர் என்பதுதான் வேடிக்கை. நேபாளத்திலிருந்து வந்திருந்த சபித்ரா பண்டாரி இன்னொன்று. பயிற்சியாளராக நின்றவரும் ஒரு பெண், அமிர்தா அரவிந்த். கிளப் தொடங்கி மூன்றே வருடத்தில் தேசியப் பட்டம்!

அதே வருடம் மார்ச் 9-ஆம் தேதி ஆண்களுக்கான தேசியக் கால்பந்து லீக்குகளில் ஒன்றான ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி எஃப்.சி. வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய வெற்றி. ஆக, இரண்டரை மாதத்துக்குள் இரண்டு தேசியப் பட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. முதலாவதற்குப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கின. இரண்டாவதற்கு மூலையில் ஒரு பத்தி. மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவு, அந்தப் பத்தியையும் யார் படித்திருப்பார்கள்? பக்கம் பக்கமாகப் போட்ட அணி பிறகு ஐ-லீக்கை விட்டே போய்விட்டது. மூலைப் பத்தி அணி அதற்குப் பிறகும் தேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

"காரியாபட்டி விருதுநகர் மாவட்டமாச்சே, அது எப்படி மதுரை அணி ஆகும்?" என்று அடுத்த கடிதம் வரும். அதையும் இப்போதே தீர்த்துவிடுவோம். சென்னை சிட்டி பட்டம் வென்ற வருடம் அதன் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். பெயரில் சென்னை, ஆட்டம் கோயம்புத்தூரில். அப்போது யாரும் மாவட்ட எல்லையைக் கேட்கவில்லை. சேதுவை மதுரை கிளப் என்றுதான் கால்பந்து வட்டாரத்தில் சொல்கிறார்கள்.

உங்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. சேது ஆட ஆரம்பித்த காலத்தில் லீக் நடந்த ஊர்களைப் பாருங்கள்: ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேஸ்வர், அகமதாபாத். வருடத்துக்கு ஓர் ஊர், சில வாரம், கதை முடிந்தது. சாம்பியன் அணியைப் பார்க்க மதுரைக்காரர் வேறு மாநிலத்துக்கு ரயிலேற வேண்டும் என்றால் ரசிகர் கூட்டம் எங்கிருந்து வரும்? சொந்த ஊர் ஒன்று, எதிரணி ஊர் ஒன்று என்று மாறி மாறி ஆடும் முறையே 2023-24-இல்தான் வந்தது. அந்த ஏழு அணிகளில் சேதுவும் ஒன்று. ஆட்டங்களை யூடியூபில் காசில்லாமல் காட்டினார்கள். இங்கிலாந்து ஆட்டத்துக்கு நடுராத்திரி வரை கண்விழிக்கும் நம் பையன்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்?

பார்த்திருக்க வேண்டிய ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். 2022 மே 26, புவனேஸ்வர். லீக்கின் கடைசி நாள். கோகுலம் கேரளாவும் சேதுவும் அதுவரை ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. கோகுலத்துக்கு டிரா போதும், சேது ஜெயித்தே தீர வேண்டும். மூன்றாவது நிமிடத்திலேயே ரேணு கோல் அடித்துவிட்டார்! அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிடம் பட்டம் சேதுவின் கையில்தான் இருந்தது. அப்புறம் கோகுலத்துக்கு ஒரு பெனால்டி கோல், அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு கோல்; இடைவேளைக்கு முன்பே கோகுலம் 3-1. அப்படியே முடிந்தது. எதிரணியில் அன்று கிரேஸ் இருந்தார். 2019-இல் சேதுவுக்காகப் பட்டம் வென்ற அதே டாங்மே கிரேஸ்தான். சபித்ராவும் லூதியானாவுக்கு அடுத்த சீசனே கோகுலத்துக்குப் போனவர். பிறகு பிரான்ஸின் கேங்காம் அணி வரை போனார். வீராங்கனைகளைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதில் சேது கெட்டி, கட்டி வைத்துக்கொள்வதில் அல்ல. ஆளே வராத ஆட்டத்துக்கு விளம்பரதாரர் எங்கே வருவார், சம்பளத்தை எங்கே கூட்டுவது? கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியவர், சேதுவிலும் ஆடியவர்; சோற்றுக்கு அவர் நம்பியது போலீஸ் உத்தியோகத்தை.

இந்த நிலையில் மதுரைக்கு ஐ.எஸ்.எல். அணி கேட்டு நாங்கள் இயக்கம் நடத்த வேண்டும் என்கிறீர்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய எங்களுக்கு ஆள் பலம் இல்லை. ஒன்று செய்கிறோம்: அடுத்த சீசன் அட்டவணை வந்ததும் சேது ஆடும் தேதிகளை இந்தப் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகிறோம். பார்த்துவிட்டு அணி சரியில்லை, தடுப்பாட்டம் ஓட்டை, கோச்சை மாற்று என்று என்ன திட்டி எழுதினாலும் வரிக்கு வரி பிரசுரிப்போம். 'பொம்பளைங்க ஆட்டம்தானே' என்று ஆரம்பிக்கும் கடிதத்துக்கு மட்டும் தபால் தலையை வீணாக்க வேண்டாம்.