மேடையில் சொல்லிவிடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. ஒரு வருடமாகத் தமிழ் ஓப்பன் மைக்குகளில் (யாரும் பெயர் கொடுத்து மேடையேறலாம்) ஐந்து நிமிட ஸ்டாண்ட்-அப் காமெடி செட் செய்கிறேன். நான் தன்பாலீர்ப்பாளன். அக்காவுக்கு மட்டும் தெரியும். மேடையில் இல்லாத காதலியைப் பற்றி ஜோக் சொல்கிறேன். அது பொய்யாக இருப்பதாலோ என்னவோ, சிரிப்பே வருவதில்லை. உண்மையை மேடையிலேயே சொல்லிவிடலாமா? எல்லென் டிஜெனரஸ் சொன்ன அடுத்த வருடமே எல்லாவற்றையும் இழந்தாரே, எனக்கும் அப்படி ஆகுமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: சொல்லுங்கள். ஆனால் வீட்டில் முதலில், மேடையில் அடுத்து, காமிரா முன் கடைசியில். இந்த வரிசை மாறினால்தான் சிக்கல் வரும்.

முதலில் எல்லென். 1986-லேயே ஜானி கார்சனின் புகழ்பெற்ற இரவு நேர உரையாடல் நிகழ்ச்சிக்கு வந்துவிட்ட அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் அவர். அன்று அவர் செய்தது கடவுளுக்கு போன் போடும் பிட். 1994-ல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் சொந்தத் தொடர் கிடைத்தது. 1997 ஏப்ரலில் 'டைம்' இதழின் அட்டையில் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதம் 30-ஆம் தேதி தொடரில் அவருடைய பாத்திரமும் சொன்னது. நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மறு வருடம் தொடர் நின்றது.

ஏன் நின்றது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சில பெரிய விளம்பரதாரர்கள் விலகினார்கள், தொலைக்காட்சி நிறுவனம் எச்சரிக்கை வாசகத்தோடு ஒளிபரப்பியது, தொடரும் ஏறக்குறைய வாராவாரம் அதே விஷயத்தையே சுற்றி வந்தது. அவருடைய பிழைப்பு முழுக்க ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. சில வருடங்கள் சரியான வேலை இல்லை. 2000-இல் எச்.பி.ஓ.வுக்காக ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சி செய்தார். 2003-ல் தொடங்கிய பகல் நேர உரையாடல் நிகழ்ச்சி 2022 வரை ஓடியது. (2020-இல் கிளம்பிய சர்ச்சை பணியிடப் புகார்களால் வந்தது, இதோடு அதைச் சேர்க்காதீர்கள்.) உங்களிடம் பறிக்க இன்று தொடரும் இல்லை, விளம்பரதாரரும் இல்லை. ஐந்து நிமிடமும் ஒரு மைக்கும்தான் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் சொல்வது எல்லெனுக்கு இருந்ததைவிட உங்களுக்கு எளிது. மும்பையைச் சேர்ந்த ஸ்டாண்ட்-அப் கலைஞர் நவீன் நொரோனா தன்னை மறைக்காமல்தான் மேடையேறியிருக்கிறார்.

இனி செட்டுக்கு வருவோம். மேடையில் "நான் ஒண்ணு சொல்லணும், நான் கே" என்று அறிவித்தால் அரங்கம் அமைதியாகும். வெறுப்பினால் வரும் அமைதியாக அது இருக்க வேண்டியதில்லை. சிரிக்கலாமா, கூடாதா, கைதட்ட வேண்டுமா என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் குழப்பத்தை நீங்கள் உடனே உடைக்காவிட்டால் அடுத்த இரண்டு நிமிடமும் போச்சு. அதனால் அறிவிப்பையே பஞ்ச் லைனுக்குள் வையுங்கள். இப்படி:

"பொண்ணு எப்படி இருக்கணும்னு தரகர் கேட்டாரு. பையனா இருக்கணும்னேன். நோட்டைப் புரட்டினாரு... புரட்டினாரு... 'என்ன தம்பி, நம்மாளுங்களா பாக்கணுமா?'ன்னாரு."

முதல் வரி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி. பதிலில் உங்கள் உண்மை வந்துவிடுகிறது, சிரிப்பும் அதிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வரும் தரகர் வசனம் இரண்டாவது சிரிப்பு. அங்கே அடி வாங்குவது நீங்கள் இல்லை, பையனோ பெண்ணோ ஜாதி சரியாக இருந்தால் போதும் என்கிற வழக்கம். "புரட்டினாரு" என்பதை இரண்டு முறைக்கு மேல் இழுக்காதீர்கள், மூன்றாவதில் முடிவை ஊகித்துவிடுவார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், இது மாதிரிதான். உங்கள் வீட்டுப் பேச்சில் இதைவிட நல்லது இருக்கும்.

கறுப்பின அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் வாண்டா சைக்ஸ் 2008 நவம்பரில் லாஸ் வேகஸ் பேரணி ஒன்றில் தன் தன்பாலீர்ப்பு பற்றி வெளிப்படையாகப் பேசினார். மறு வருட நிகழ்ச்சியில், அம்மா அப்பாவை உட்காரவைத்து "நான் கறுப்பு" என்று சொல்ல நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நடித்துக்காட்டினார். அதில் கேலிக்கு உள்ளானது அவர் இல்லை, அறிவித்தே தீர வேண்டும் என்கிற அந்தச் சடங்கு. ஆஸ்திரேலிய ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி 2018-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நானெட்' நிகழ்ச்சியில் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: ஏற்கெனவே ஓரத்தில் நிற்பவர் தன்னையே கேலி செய்துகொள்வது அடக்கம் ஆகாது, அவமானம்.

இது உங்களுக்கு மிகவும் முக்கியம். ஆண் நளினமாக நடந்தாலே சிரிப்பது என்று நம் சினிமா பல வருடங்களாக மக்களைப் பழக்கி வைத்திருக்கிறது. நீங்கள் கையை ஒரு மாதிரி வளைத்து, குரலை இழுத்தால் அடுத்த நொடியே சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்கு உங்கள் எழுத்து தேவையே இல்லை. ஒரு முறை அதில் ருசி கண்டால் ஒவ்வொரு ஊரிலும் அதையே கேட்பார்கள். திருநங்கைகளை வைத்துச் சிரிக்க வைப்பதும் அதே கணக்கு. இரண்டையும் தொடாதீர்கள்.

ஐந்து நிமிட செட்டில் இந்த ஜோக் எங்கே வர வேண்டும்? இரண்டாவதாக. முதல் முப்பது, நாற்பது நொடியில் சம்பந்தமே இல்லாத ஒன்றில் (வாடகை வீடு, மேனேஜர், எதுவானாலும்) ஒரு உறுதியான சிரிப்பு வாங்குங்கள். இவர் ஜோக் சொல்லத் தெரிந்தவர் என்ற நம்பிக்கை வந்தபின் சொன்னால் கூடவே வருவார்கள். கடைசியில் வைத்தால் பதற்றத்தை ஏற்றிவிட்டு இறங்கிப்போனதாகிவிடும். எல்லென் தொடருக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராமலிருக்க, ஐந்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இந்த விஷயத்துக்குக் கொடுக்காதீர்கள். எழுதும்போது 450 சொற்களுக்குள் நிறுத்துங்கள். 600 எழுதினால் சிரிப்புக்கு இடம் இருக்காது, நேரம் முடிவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஓட ஆரம்பிப்பீர்கள். ஒவ்வொரு முறையும் போனில் ஆடியோ பதிவு செய்து, சிரிப்பு விழுந்த இடங்களை மட்டும் தாளில் குறியுங்கள். ஒரு நிமிடத்தில் மூன்று குறிகூட விழாத பகுதியை வெட்டுங்கள். ஆனால் ஒரு இரவை வைத்து வெட்டாதீர்கள், வேறு வேறு கூட்டத்தில் நாலைந்து முறை பாருங்கள்.

சிலர் சிரிக்காமல் கைதட்டுவார்கள், முன்வரிசையில் "ஊ" என்று கத்துவார்கள். அன்புதான், ஆனால் தாளம் கெடும். நன்றி சொல்லி நிற்காதீர்கள். தட்டல் பாதி இறங்கும்போதே அடுத்த வரியை அதன் மேல் ஏற்றுங்கள். மாறாக அமைதியானால் "சும்மா சொன்னேங்க" என்று மட்டும் பின்வாங்காதீர்கள். இரண்டு நொடி நின்று தரகர் வசனத்துக்குப் போங்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் ஏதாவது கத்தினால், அவர் சொன்னதை முதலில் மைக்கில் திருப்பிச் சொல்லுங்கள். பின்வரிசைக்கு அது கேட்டிருக்காது, கேட்காத கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் கோபமாக மட்டுமே தெரியும். ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு செட்டுக்குத் திரும்புங்கள். "நீயும் அப்படித்தானோ?" என்ற பதில் நாக்கு நுனிக்கு வரும். அரங்கமே அதிரும். ஆனால் நீங்கள் யாரோ அதையே வசையாக ஆக்கிவிட்டீர்கள், அதற்குப் பின் எதைச் சொன்னாலும் ஒட்டாது. மறுபடி கத்தினால் அது தொகுப்பாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

இப்போது வீடு. ஓப்பன் மைக்கில் இருபது பேர்தானே என்று நினைக்காதீர்கள். ஒருவர் எடுக்கும் பதினைந்து நொடி கிளிப் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வர ஒரு நாள் போதும். உங்கள் அம்மா இதைச் சித்தப்பாவின் ஃபார்வேர்டு வழியாக அறிந்தால் அந்த வலி வேறு. அக்காவை உடன் வைத்துக்கொண்டு முதலில் சொல்லுங்கள். பெற்றோர் வீட்டில் இருக்கிறீர்கள் என்றால், மூன்று மாத வாடகையும் சான்றிதழ்களும் ஆதாரும் உங்கள் கையில் இருக்கும் நிலையில் பேசுங்கள். "டாக்டரிடம் போய்ச் சரிசெய்யலாம்" என்று யாராவது ஆரம்பித்தால்: 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட 'மாற்றும் சிகிச்சை'யைத் தடைசெய்யச் சொன்னது, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. வயது வந்தவர்கள் விருப்பத்துடன் உறவு கொள்வது 2018 செப்டம்பர் 6 முதல் குற்றமில்லை. "வெளியில் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டிப் பணம் கேட்டால், மிரட்டுபவர் செய்வதுதான் குற்றம். பணம் கொடுக்காமல் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

அலுவலகத்தில், நியமனக் கடிதத்தில் வெளி வருமானம், சமூக ஊடகம் பற்றி என்ன இருக்கிறது என்று இப்போதே படித்துவிடுங்கள்.

காமிரா கடைசி. பெயர் கொடுக்கும்போதே ஒருங்கிணைப்பாளரிடம், என் செட்டைப் பதிவு செய்வீர்களா, எங்கே போடுவீர்கள் என்று கேட்டு, என் அனுமதி இல்லாமல் போடக் கூடாது என்று எழுத்தில், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது, வாங்குங்கள். நீங்களே யூடியூபில் போடும் நாளில் முழு ஐந்து நிமிடத்தையும் போடுங்கள். தரகர் ஜோக்கை மட்டும் வெட்டிப் போட்டால் அது ஒன்றே உங்கள் அடையாளமாகிவிடும். முதல் வாரம் பின்னூட்டங்களை நீங்கள் படிக்க வேண்டாம், நண்பர் ஒருவர் படித்து நீக்கட்டும்.

கார்ப்பரேட் ஷோவுக்குக் கூப்பிட்டால் 'க்ளீன்' செட் கேட்பார்கள். தரகர் ஜோக்கில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அதையும் எடுக்கச் சொல்வார்களா என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள், மேடைக்குப் பின்னால் நின்று பேரம் பேசாதீர்கள். பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகு தேதியை உறுதி செய்யுங்கள்.