குத்தா, பிடியா? முதலில் எழுந்து நிற்கத் தெரிய வேண்டும்

கேள்வி: மூன்று வருடமாகக் கராத்தே கற்கிறேன். ஆளைத் தரையில் சாய்த்துப் பிடிபோடும் ஜியு-ஜிட்சு பழகும் என் நண்பன், "நிஜச் சண்டையில் 90 சதவீதம் தரையில்தான் முடியும், உன் குத்தும் உதையும் அங்கே செல்லாது" என்கிறான். போன வாரம் விளையாட்டாக மோதிப் பார்த்தோம். அரை நிமிடத்தில் என்னைச் சாய்த்து மேலே உட்கார்ந்துவிட்டான், அசையக்கூட முடியவில்லை. தற்காப்புக்கு எது உதவும்? கராத்தேயை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் அந்த அரை நிமிடத்தை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 90 சதவீதம். இந்தப் பேச்சுக்கு ஆதாரமாக வழக்கமாகக் காட்டப்படுவது லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் 1988ஆம் ஆண்டுப் பதிவுகள். அதிலேயே தரைக்குப் போனவை சுமார் 62 சதவீதம்தான், அதுவும் போலீஸ்காரர் ஒருவரைக் கைது செய்யப் போன சம்பவங்கள். ஆளைக் கீழே சாய்த்து விலங்கு மாட்டுவதுதான் அவர்கள் வேலையே. உங்களுக்கு யாரையும் பிடித்து வைக்க வேண்டியதில்லை, அங்கிருந்து போய்ச் சேர்ந்தால் போதும்.

அதற்காக நண்பன் சொல்வது வெறும் பேச்சும் இல்லை. 1993இல் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில் (பல சண்டைக் கலைக்காரர்கள் மோதும் போட்டி) ஹாய்ஸ் கிரேசி என்ற ஒல்லியான பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ஒரே இரவில் மூன்று பேரைத் தரைக்கு இழுத்துத் தோற்கடித்தார். குத்தவும் உதைக்கவும் மட்டுமே தெரிந்தவர் கீழே போனதும் எவ்வளவு திணறுவார் என்பதை உலகமே பார்த்தது. மல்லாந்து கிடப்பவரின் குத்தில் வேகமே இருக்காது, ஏனென்றால் அந்த வேகம் காலிலும் இடுப்பிலும் இருந்து வருவது. உங்களுக்கு நடந்ததும் இதேதான்.

ஆனால் அந்தப் போட்டியில் மேட் விரித்திருந்தது, எதிரில் ஒருவர்தான், நடுவர் பக்கத்திலேயே நின்றார். தெருவில் நீங்கள் ஒருவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கும்போது அவன் கூட்டாளி வந்து உங்கள் தலையில் மிதிக்கலாம். கட்டிப்புரளும்போது அவன் இடுப்பிலிருந்து கத்தி வந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. சிமெண்ட் தரையில் பின்மண்டை மோதினால் உயிரே போகலாம். அதனால் நீங்களாகத் தரைக்குப் போகாதீர்கள். தவறி விழுந்தாலோ, யாராவது தள்ளினாலோ எழத் தெரிந்திருக்க வேண்டும். தரைச் சண்டையில் உங்களுக்கு வேண்டியது முக்கியமாக இந்தப் பகுதிதான், மற்ற பிடிகளை ஆசையிருந்தால் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

எழுவது என்றால் தாக்குபவன் முன்னால் குனிந்து, தலையைக் காட்டிக்கொண்டு எழுவதல்ல. ஒருக்களித்து வலது கையைப் பின்னால் ஊன்றுங்கள், இடது பாதத்தைத் தரையில் பதியுங்கள், வலது காலால் அவன் முழங்காலை உதைத்துத் தள்ளி இடைவெளி உண்டாக்குங்கள். பிறகு ஊன்றிய கையிலும் பாதத்திலும் உடம்பைத் தாங்கி இடுப்பைத் தூக்கி, வலது காலை அடிவழியாகப் பின்னுக்கு இழுத்து நில்லுங்கள். இடது கை கடைசிவரை முகத்தை மறைத்தபடியே இருக்கட்டும். அவன் மேலேயே உட்கார்ந்துவிட்டால் இதற்கு முன் இடுப்பை உந்தி அவனைக் கவிழ்க்கவோ பக்கவாட்டில் நழுவி வெளியே வரவோ தெரிய வேண்டும். அப்புறம் ஸ்ப்ரால். காலைப் பிடிக்கப் பாய்பவன் மீது இடுப்பை இறக்கி, கால்களைப் பின்னுக்கு எறிவது. இவற்றை வாரம் இரண்டு நாள் சில மாதம் பழகினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கிக்பாக்ஸரான மாரிஸ் ஸ்மித் 1997இல் மல்யுத்த வீரர் மார்க் கோல்மேனை வென்றது இப்படித்தான், கீழே கிடந்தபோது பொறுமையாகத் தாக்குப்பிடித்து எழுந்த பிறகு அடித்தார்.

குத்தைப் பற்றி ஒன்று. கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் சுண்டுவிரல் பக்க எலும்பு முறிவது மிகச் சாதாரணம். தலைக்கு உள்ளங்கையின் அடிப்பாகத்தைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு விஷயம். மூன்று வருடத்தில் முழு பலத்தோடு எதிர்ப்பவரிடம் எத்தனை தடவை ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கட்டாவும் (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) காற்றில் குத்துவதும் மட்டும் என்றால் குறை கராத்தேயில் இல்லை, பயிற்சி முறையில் இருக்கிறது. ஜியு-ஜிட்சு ஆட்கள் ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவரோடொருவர் நிஜமாக மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் நண்பனின் பலமே அதுதான். மாஸ்டரிடம் ஸ்பாரிங் நேரத்தைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் குத்துச்சண்டையோ தாய்லாந்தின் முவே தாயோ சொல்லித்தரும் இடத்துக்கு மாறுங்கள். இந்த வாரமே நண்பனை மறுபடி மேலே உட்காரச் சொல்லுங்கள், அவனை ஜெயிக்கப் பார்க்காமல் எழுந்து நிற்க மட்டும் முயலுங்கள். எப்படி எழுவது என்று அவனையே சொல்லித்தரச் சொன்னாலும் தப்பில்லை.