மெதாக் பாட்டிலும் மத்தி வறுவலும்

கேள்வி: பாரிசில் வசிக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர் 2020-ஆம் ஆண்டின் மெதாக் சிவப்பு ஒயின் ஒன்றைக் கொடுத்தார். மத்தி வறுவலோடு குடித்தோம். வாய் வறண்டுபோனது, கூடவே துருவும் மீன் கவிச்சியும் கலந்த மாதிரி ஒரு வாடை. பாட்டில் கெட்டுப்போனதா? அடுத்த வாரம் இன்னொரு பாட்டிலோடு அவரே சாப்பிட வருகிறார். எப்படிச் சுவைப்பது, என்ன சமைப்பது?

பதில்: கெட்ட ஒயினாக இருக்க வாய்ப்பு குறைவு. கார்க்கால் கெட்டிருந்தால், மீன் பக்கத்தில் இல்லாமலே நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் அடிக்கும். உங்களுக்கு வந்தது மத்தியால். மீனெண்ணெயும் ஒயினில் உள்ள சிறிதளவு இரும்பும் சேர்ந்தால் அந்தக் கவிச்சி கிளம்பும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் வாடை தூக்கலாகவே தெரிந்ததாம். மத்தி, கானாங்கெளுத்திக்கு லுவார் பகுதியின் மஸ்கதே என்ற வெள்ளை ஒயின் வாங்குங்கள். விலையும் கையைக் கடிக்காது.

வாய் வறண்டது வேறு விஷயம், அது டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. மெதாக், போர்தோ நகருக்கு வடக்கே ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் இருக்கிறது. தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் என்ற திராட்சைக்கு அங்குள்ள, சூட்டைத் தக்கவைக்கும் சரளை மண் தோது. சின்னப் பழம், தடித்த தோல். துவர்ப்பு அந்தத் தோலிலும் விதையிலும்தான் இருக்கிறது. டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழவழப்புப் போய் ஈறு இழுக்கிறது. பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைத்தால் எச்சிலை விட்டுவிடும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலைதான். ஆட்டுக்கறி இங்கே எடுபடுவது அதனால்தான்.

எனவே ஆட்டுத்தொடை வாங்கி, பூண்டும் ரோஸ்மேரியும் செருகி, உப்பை மட்டும் தாராளமாகப் போட்டு ஓவனில் வையுங்கள். உப்பும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்கும். நம்மூர்ச் சுக்காதான் வேண்டுமென்றால் மிளகு அளவாகப் போகட்டும், மிளகாய்த்தூள் வேண்டாம். காரம் ஏறினால் சாராய எரிச்சலும் கசப்பும்தான் முன்னால் நிற்கும். எனக்கு மிளகாய் இல்லாமல் முடியாது என்றால் மெதாக்கோடு மல்லுக்கட்டாமல் போழொலே என்ற சிவப்பு ஒயின் வாங்குங்கள். கமே திராட்சை, டானின் குறைவு. 13 டிகிரி வாக்கில் குளிர்த்திக் குடித்தால் காரத்துக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

மெதாக்குக்கு 16 முதல் 18 டிகிரி சரி. 'அறை வெப்பத்தில் வையுங்கள்' என்பது ஹீட்டர் இல்லாத காலத்துப் பேச்சு. இன்றைய பாரிஸ் வீட்டு அறை ஒயினுக்குச் சூடு அதிகம். இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்புறம் வாய் அகன்ற ஜக்கில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். எவர்சில்வர் ஜக்கானாலும் பரவாயில்லை.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சுழற்றுவதற்கு முன்பு ஒரு தடவை, சுழற்றிய பின் ஒரு தடவை முகருங்கள். முதலில் பிளாக்கரன்ட் என்ற கறுப்புச் சிறுபழத்தின் வாசம் வரும். சுழற்றினால் பென்சில் சீவிய மர வாசமும், பீப்பாயில் வைத்த ஒயினானால் லேசான வனிலாவும் மேலே வரும். ஒரு மிடறை வாயில் வைத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். சத்தம் வரும், அதில் கூச்சம் வேண்டாம். எச்சில் ஊறினால் அது புளிப்பு, ஈறு இழுத்தால் டானின். விழுங்கிய பிறகு மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நான் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான். பிறகு கறியில் ஒரு வாய், மறுபடி ஒரு மிடறு. வித்தியாசம் உடனே தெரியும்.

பாலாடைக்கட்டிக்கு நன்றாக முற்றிய மிமோலெத் வாங்குங்கள். போர்தோக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது. ப்ரீ வேண்டாம், டானினோடு கசக்கும். இனிப்பு வரும்போது கோப்பையை எடுத்துவிடுங்கள். மீந்ததைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.