காரத்துக்குப் பழகிய நம் நாக்கால் ஒயின் சுவைக்கக் கற்க முடியுமா? எந்த நாட்டு ஒயினில் தொடங்கலாம்?

தாராளமாக முடியும். காரம் தின்று நாக்கு மரத்துப்போயிருக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போல. என்னிடமும் சொன்னார் ஒருவர், ஜெர்மனியில், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வேலை காரணமாக டிரியர் நகருக்குப் பக்கத்தில் சில வருடங்கள் இருந்தேன். மோசல் ஆற்றங்கரை. ஏறி நிற்கவே பயமாக இருக்கும் செங்குத்துச் சரிவுகள், காலடியில் எங்கும் சிலேட்டுக்கல். அதில்தான் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையை வளர்க்கிறார்கள். ரோமானியர் காலத்திலிருந்தே அங்கே ஒயின் உண்டு. பீப்பாய் ஏற்றிய படகைச் செதுக்கிய கல்லறைச் சிற்பம் ஒன்று டிரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒருமுறை அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் நிலவறைக்குப் போனோம். அவர் பழைய ரீஸ்லிங் பாட்டில் ஒன்றைத் திறந்து, என்ன வாசனை வருகிறது என்று கேட்டார். எலுமிச்சை, தேன், ஆப்பிள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது: மண்ணெண்ணெய். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவனுக்கு அது தெரியாதா? சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. வயதான ரீஸ்லிங்குக்கு அடையாளமே அதுதான் என்றார். டி.டி.என். என்ற சேர்மம்தான் காரணம். திராட்சையில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகள் சிதைந்து வருவது. பழத்தின் மேல் வெயில் நன்றாகப் பட்டாலும், பாட்டில் வருடக்கணக்கில் கிடந்தாலும் கூடும். மரத்த நாக்கு என்று சொன்னவர் அன்று எனக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கும் இல்லை.

ஒயினில் நாக்குக்கு எட்டுவது இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு என்று கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மூக்கு வேலை. மல்லி வறுபடுவதையும் வெந்தயம் கருகுவதையும் அடுத்த அறையிலிருந்தே பிரித்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். மிளகாய் தின்றுகொண்டே சுவைத்தால் எரியும், அதை மறுக்கவில்லை. ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும், துவர்க்கிற சிவப்பு ஒயின் இன்னும் மோசம். சுவைப்பதற்கு முன் காரம் வேண்டாம், அவ்வளவுதான்.

வாசனை என்றதும் இன்னொன்று. வீட்டைக் காலி செய்தபோது சுவரில் சமையல் வாசம் ஏறிவிட்டது, வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் பெரிய தொகையைப் பிடித்துக்கொண்டார். அதே மனிதர் முட்டைக்கோஸ் வேகவைத்தால் மாடிப்படி வரை நாறும். அதற்கு யார் வெள்ளையடித்தார்கள்? சரி, விடுங்கள்.

நீங்கள் சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவர், கடையில் பாட்டில்களைப் பார்த்துத் திகைத்து நிற்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். நாடு நாடாக அலையாதீர்கள். ஒரே திராட்சையைப் பிடித்துக்கொண்டு ஊரை மட்டும் மாற்றுங்கள். மோசல் ரீஸ்லிங் ஒன்று, பிரான்சின் அல்சாஸ் ஒன்று, ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒன்று. நண்பர்களோடு பணம் போட்டு வாங்கி, ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். கிளேர் எலுமிச்சைச் சாறு மாதிரி வெட்டும். அல்சாஸ் பெரும்பாலும் இனிப்பில்லாமல் கொஞ்சம் கனமாக இருக்கும். வெறுமனே ஒவ்வொன்றாகக் குடித்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. வெளிநாட்டுப் பாட்டில் விலை கட்டுப்படியாகாது என்றால் நாசிக்கில் சூலா என்ற நம்மூர் ஒயின் நிறுவனமே ரீஸ்லிங் போடுகிறது.

மோசல் பாட்டிலில் கபினெட், ஷ்பெட்லேசே என்றெல்லாம் இருக்கும். அது பறித்தபோது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதற்கான தரம், ஒயினின் இனிப்பு அளவு இல்லை. 'ட்ரோக்கன்' என்றிருந்தால் இனிப்பில்லாதது. அது இல்லாமல் ஆல்கஹால் 8 சதவீதம் என்றிருந்தால் சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். காரச் சாப்பாட்டோடு ஒத்துப்போவதும் அந்த வகைதான்.

குடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள். சுவைக்கும் இடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், நானும் துப்பியிருக்கிறேன். அப்புறம், அப்படி ஓர் இடத்துக்குப் போகும் அன்று சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் சென்ட் மட்டும்தான் மணக்கும்.