அவசர சிகிச்சைப் பிரிவில் ஏன் இவ்வளவு நேரம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கொழும்பில் மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து, நோயாளர் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தெகிவளையிலிருந்து ஓர் அம்மா: பிள்ளை, காலில் வெட்டுக் காயத்தோடு போய் இரண்டு மணி நேரம் இருந்தேன். எனக்குப் பிறகு வந்தவரை முதலில் கூப்பிட்டார்கள். இது நியாயமா?

நியாயம்தான் அம்மா. அங்கே வந்த ஒழுங்கில் கூப்பிடுவதில்லை, ஆபத்தின் ஒழுங்கில்தான் கூப்பிடுவார்கள். வருபவர்களை ஆபத்தின்படி ஐந்து நிறங்களாகத் தரம்பிரிக்கும் மான்செஸ்டர் முறை என்று ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பு என்றால் உடனே, செம்மஞ்சள் 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240 நிமிடத்துக்குள் வைத்தியர் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி என்று வருபவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். உங்களுக்குப் பின்னால் வந்தவர் அப்படி ஒருவராக இருந்திருக்கலாம். ஆனால் அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்றால், அது பிழை. ஏன் இருக்கிறோம் என்று தெரியாமல் இருக்கும் ஒரு மணி நேரம் மிக நீளமானது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர்: 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் போனால் சீக்கிரம் பார்ப்பார்களா?

அதற்காக அழைக்காதீர்கள். அம்புலன்ஸில் வந்தாலும் முச்சக்கரவண்டியில் வந்தாலும் தரம்பிரிப்பது ஒன்றுதான். நெஞ்சு வலி, பக்கவாதம், பெரிய விபத்து என்றால் தயங்காமல் அழையுங்கள். வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். 2016இல் தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

அவசரப் பிரிவில் வேலை செய்யும் தாதி ஒருவர்: அக்கா, காத்திருப்பை அளந்து தரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

தங்கச்சி, முதலில் "காத்திருப்பு" என்ற ஒரே சொல்லை உடையுங்கள். வந்த நேரம், தரம்பிரித்த நேரம், வைத்தியர் பார்த்த நேரம், இரத்தம் அனுப்பிய நேரம், முடிவு வந்த நேரம், வாட்டில் சேர்ப்பதா வீட்டுக்கு விடுவதா என்று தீர்மானித்த நேரம், உண்மையில் வெளியே போன நேரம். ஒவ்வொரு இடைவெளிக்கும் காரணம் வேறு, பொறுப்பான ஆளும் வேறு.

அப்புறம் இரண்டு பொறிகள். நேரத்தை மட்டும் எழுதித் திகதியை விட்டுவிட்டால், இரவு 11.50க்கு வந்து 12.20க்கு வைத்தியரைப் பார்த்தவர் கணக்கில் தலைகீழாகிவிடுவார். திகதியையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டாவது, கையால் எழுதிய நேரங்கள் எல்லாம் 8.00, 8.15, 8.30 என்று விழுந்திருந்தால், வேலை முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், அந்த நெரிசலில் வேறு வழியில்லை. ஆனால் அந்த எண்களை வைத்து ஐந்து நிமிட வித்தியாசங்களைப் பேசாதீர்கள்.

பார்க்காமலே எழுந்து போனவர்களையும் எண்ணுங்கள். அவர்களை விட்டுவிட்டால், மிக நீண்ட நேரம் இருந்தவர்களே கணக்கிலிருந்து காணாமல் போவார்கள்.

மொறட்டுவையிலிருந்து ஒரு மாணவர்: சராசரியைச் சொன்னால் போதாதா?

போதாது. ஒன்பது பேர் தலா 20 நிமிடம் இருந்தார்கள், ஒருவர் 5 மணி நேரம் இருந்தார் என்று வையுங்கள். சராசரி 48 நிமிடம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 48 நிமிடம் இருக்கவில்லை! இடைநிலையை, அதாவது எல்லாரையும் காத்திருந்த நேரப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரத்தைச் சொல்லுங்கள், பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் பார்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அந்தப் பத்தாவது ஆளின் பதிவை எடுத்து வாசியுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்: இன்னொரு வைத்தியரைப் போட்டால் சரியாகிவிடாதா?

எல்லாரும் கேட்பது இதைத்தான். சில இடங்களில் சரியாகும். ஒரு மேசை, ஒருவரைப் பார்க்க சராசரி 10 நிமிடம், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருகிறார்கள் என்று வையுங்கள். மேசை பாதி நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். 80 வீதம் வேலையாக இருந்தால் 40. 90 வீதத்தில் 90 நிமிடம், 95 வீதத்தில் 190. கடைசி ஐந்து வீதத்துக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். வைத்தியர் கொஞ்சம் ஓய்வாக இருப்பதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அந்த இடைவெளிதான் வரிசையைக் காப்பாற்றுகிறது.

ஆனால் பல இடங்களில் அடைப்பு மேசையில் இல்லை, வெளியேறும் வாசலில் இருக்கிறது. என் அப்பாவை மூச்சுத் திணறலோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். 20 நிமிடத்தில் வைத்தியர் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் அனுமதிக்கத் தீர்மானித்தார்கள். பிறகு அறை காலியாகும்வரை தள்ளுகட்டிலில் ஒன்பது மணி நேரம். அங்கே இன்னும் மூன்று வைத்தியர்களைப் போட்டிருந்தாலும் அப்பா அதே கட்டிலில்தான் கிடந்திருப்பார். அந்தக் கட்டில் அடைபட்டதால் வெளியே இன்னொருவர் நாற்காலியில் இருந்தார்.

அரசாங்க மருத்துவமனைகளில் பெரும்பாலும் கட்டில் இல்லை என்று திருப்புவதில்லை, தரையிலாவது இடம் கொடுப்பார்கள். அந்த மனதை மதிக்கிறேன். ஆனால் அப்போது அவசரப் பிரிவின் எண் அழகாகத் தெரியும், காத்திருப்பு வாட்டுக்குள் மறைந்துவிடும். அதையும் அளக்க வேண்டும். காலையில் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவருக்குத் வெளியேறும் துண்டு வெட்டி, மருந்து கொடுத்து அனுப்பப் பின்னேரம் ஆகிறதா? அதை இரண்டு மணி நேரம் முன்னால் நகர்த்தினால், புதுக் கட்டில் வாங்காமலே கட்டில் கிடைக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: இங்கிலாந்தின் நான்கு மணி நேர இலக்கை இங்கேயும் வைக்கலாமா?

2004இல் அங்கே 98 வீதமானவர்களை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்றார்கள், 2010இல் அதை 95 ஆக்கினார்கள். நீண்ட காத்திருப்புகள் குறைந்தது உண்மை. அதே நேரம், நான்கு மணி நேரம் முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளர் கூட்டமாக வெளியேறினார்கள். இலக்கு வைத்தால், அந்தக் கடைசி அரை மணி நேரத்தைத் தனியாக வரைந்து பாருங்கள்.

களுபோவிலையிலிருந்து ஒரு பதிவு எழுதுநர்: வந்த நேரம் மட்டும்தான் எழுதுகிறோம், போன நேரம் இல்லை. ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, மணிக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் இருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கியது. ஆகவே ஒவ்வொரு மணிக்கும் உள்ளே இருக்கும் தலைகளை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். சராசரியாக 30 பேர் இருக்கிறார்கள், மணிக்கு 12 பேர் வருகிறார்கள் என்றால், ஒருவர் இரண்டரை மணி நேரம் இருக்கிறார். இரவையும் போயா நாளையும் விடாமல் இரண்டு வாரம் எண்ணுங்கள். தாளை அனுப்பினால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.