ஒத்திப் பணம், கடல் வருமானம், சொந்த வீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். 5 லட்சம் ரூபாய் ஒத்தி (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகக் கொடுத்து, கெடு முடிந்ததும் திரும்பப் பெறும் பணம்) கொடுத்து மூன்று ஆண்டுகளாக ராமேஸ்வரம் ஊருக்குள் குடியிருக்கிறோம். கெடு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பாம்பனில் புதுப் பாலம் வந்து ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டதால் யாத்ரீகர்களுக்கு அறைகளாக விட்டால் நல்ல வருமானம் என்று சொல்லும் வீட்டுக்காரர், ஒத்தியை 8 லட்சமாக்கச் சொல்கிறார். இல்லையென்றால் காலி செய்யச் சொல்கிறார். இதே அளவு வீட்டுக்கு வெளியில் மாத வாடகை 7,000 ரூபாய் கேட்கிறார்கள். என் ஏழரைப் பவுன் நகையை அடகு வைத்து 3 லட்சம் புரட்டி ஒத்தியை உயர்த்துவதா, அல்லது உச்சிப்புளிப் பக்கம் தரகர் காட்டும் 3 சென்ட் மனையை 6 லட்சத்துக்கு வாங்குவதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமேஸ்வரம்

பதில்: சகோதரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் 5 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைத்திருக்கும். வாடகையோ ஆண்டுக்கு 84,000 ரூபாய். அதனால்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் ஒத்தியை விரும்புகின்றன; அதில் தவறில்லை. ஆனால் 8 லட்சமாக உயரும்போது, நகைக்கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் 30,000 ரூபாய் வட்டி சேர்ந்து, உங்கள் செலவு ஆண்டுக்கு 65,000 ரூபாய் ஆகிவிடும். மிஞ்சுவது 19,000 ரூபாய். இதுவே நூற்றுக்கு இரண்டு வட்டிக்குத் தனியார் அடகுக் கடையில் வைத்தால் வட்டி மட்டும் மாதம் 6,000 ரூபாய் என்பதால், ஒத்தியைவிட வாடகையே மலிவு. ஆண்டுக்கு 19,000 ரூபாய் மிச்சத்துக்காகக் குடும்பத்தின் ரொக்கத்தையும் நகையையும் சேர்த்து ஒரே மனிதரின் கையில் கொடுக்கலாமா என்பதே உண்மையான கேள்வி. கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் ஒத்திப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதா? ஒத்தி என்பது வாடகை ஒப்பந்தம் அன்று; வீட்டை அனுபவத்துடன் உங்களிடம் அடமானம் வைத்து வீட்டுக்காரர் வாங்கிய கடன் அது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத காகிதம் பணம் கொடுத்ததற்குச் சான்றாகலாமே தவிர, வீட்டின் மேல் உங்களுக்கு உரிமை எதையும் தராது. நான் வங்கியின் கடன் பிரிவில் இருந்த காலத்தில், ஒரு மீனவக் குடும்பத்துப் பெண் அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்து எடுத்து வந்த ஒத்திக் காகிதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 20 ரூபாய் முத்திரைத்தாள், நான்காக மடித்த மடிப்பில் கிழிந்து, தொகை எழுதிய இடத்தில் மை பரவிப்போயிருந்தது. ஒத்தி எழுதுவதற்கு முன்பே அந்த வீடு வேறொரு கடனுக்கு அடமானத்தில் இருந்திருக்கிறது. ஏலம் வந்தபோது அவருடைய 4 லட்சத்தைப் பற்றிக் கேட்க ஆளில்லை. சொத்தின் மேல் பதிவான அடமானம், விற்பனை முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் ஒன்றை முன்கூட்டியே எடுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

ஆகவே இந்த இரண்டு மாதத்தில், கெடு முடியும் நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி வீட்டுக்காரருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். புதிய ஒத்திக்காரர் வந்தால்தான் பழையவருக்குப் பணம் என்று பல வீட்டுக்காரர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சாவி அவர் கைக்குப் போக வேண்டும். அவர் இழுத்தடித்தால், பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரையறை உண்டு என்பதை மறக்காமல், தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். பிறகு வாடகை வீட்டுக்குப் போங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் தேவை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதாவது உங்கள் விஷயத்தில் 21,000 ரூபாய்.

மனை வாங்குவதை நான் தடுக்கவில்லை. ஆனால் தரகர் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். 2016ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தடை விதித்ததிலிருந்து அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதில் எத்தனை குடும்பங்கள் அலைந்தன என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் கோயில் நிலமோ, வக்ஃபு நிலமோ, புறம்போக்கோ இல்லை என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் பாருங்கள். கடலோரத்தில் அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்துவதால், மனை உங்களுடையதாக இருந்தும் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். இன்னொன்று, பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். உப்பு நீரில் கட்டிய வீட்டின் கம்பி சில ஆண்டுகளிலேயே துருவேறிக் காரையைப் பிளப்பதை இந்தக் கரையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் மனையை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 6 லட்சத்துக்கு அது 6,000 ரூபாய். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் உங்கள் வீட்டுக்குப் பங்கு வராது. வாடைக் காலத்தில் கடல் பொங்கும் நாட்களிலும் வராது. மூன்று மாத வீட்டுச் செலவை அரசுடைமை வங்கியில் தனியாக ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதைக் கொண்டுதான் மனை பேசுங்கள். இப்போது அந்தத் தொகை போதாதென்றால் அடுத்த ஆண்டு வாங்கலாம். நகை நகையாகவே இருக்கட்டும்.

கேள்வி: என் மகன் துபாயில் இரண்டு ஆண்டு விசாவில் வேலை பார்க்கிறான். ராமநாதபுரம் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு 20 லட்சம் ரூபாய் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. நான் சிறு கடை வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: ஐயா, 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 20 லட்சம் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 17,360 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். மகனின் விசா இரண்டு ஆண்டு, கடன் இருபது ஆண்டு. அவர் ஊர் திரும்ப நேர்ந்த மாதத்தில் உங்கள் கடை வருமானத்திலிருந்து இந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று இன்றே எழுதிப் பாருங்கள். வங்கி தயாராக இருக்கிறது என்பது மகனின் இன்றைய சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

முடியாதென்றால், இன்னும் இரண்டு ஆண்டு அவர் அனுப்புவதைச் சேர்த்து முன்பணத்தைப் பெரிதாக்கி, 12 லட்சத்தை 15 ஆண்டுக்கு வாங்குங்கள். தவணை ஏறத்தாழ 11,820 ரூபாய், மொத்தம் 21 லட்சத்து 27 ஆயிரம் ரூபாய். மாறும் வட்டிக் கடனாகவே எடுங்கள். தனிநபர் வீட்டுக் கடனில் அதை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆறு மாதத் தவணையை, அதாவது சுமார் 71,000 ரூபாயை, வைப்பில் போட்டுவிட்டு, மகன் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடு (குறித்த காலத்துக்குள் இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) ஒன்றும் எடுத்த பிறகு விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். கட்டடத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் அதற்கு முன் சரிபாருங்கள்.