தனுஷ்கோடி மணல் ஊற்றில் நல்ல தண்ணீர் வருகிறது, கடலோரப் போர்வெல் மட்டும் ஏன் உப்பாகிறது?

இதைக் கடல்நீர் ஊடுருவல் என்பார்கள். நிலத்தடியில் நன்னீர் இருந்த இடத்துக்குள் கடல்நீர் நுழைந்துவிடுவதுதான் அது.

தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்பலாம். குடித்தால் உப்பே தெரியாது. மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, அதனால் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். இந்தக் கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் பயம். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு நாளடைவில் 40 மீட்டர் வரை ஏறி வரலாம்.

நீராகாரப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலாக மெதுவாக மொண்டால் தெளிவு வரும். அடிவரை கையை விட்டுக் கலக்கினால் எல்லாம் கலங்கிவிடும். சிரட்டை முதல் வகை, மோட்டார் இரண்டாம் வகை.

ராமநாதபுரம் கரையில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில்தான். ஊருணியை மூடி வீடு கட்டினால், இறங்க வேண்டிய அந்தத் தண்ணீரும் போச்சு. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

அப்புறம், "உப்பாகிவிட்டதா, இன்னும் ஆழமாகப் போர் போடு" என்று பலர் சொல்கிறார்கள். கடற்கரை மணலில் அது தவறு. கீழே போகப் போக உப்பு நீரைத்தான் நெருங்குகிறோம்.